நல்லபாம்பு நஞ்சு, சின்னப் புரதங்கள், ட்ரைசீன் பஃபர்: கிளைசீன் இருக்க இது எதற்கு?

கேள்வி (ஜூன் 3, இரவு)

நல்லபாம்பு நஞ்சில் உள்ள புரதங்களை அளவுப்படி பிரிக்க 15 சதவீத ஜெல்லில் மின்சாரம் விட்டு ஓட்டுகிறேன். 14 கிலோடால்டனுக்கு (புரத எடையின் அலகு) கீழே எதுவும் பிரியவில்லை. முன்னால் ஓடும் சாயக்கோட்டை ஒட்டி ஒரே அப்பலாக நிற்கிறது. சீனியர் ஒருவர் "கிளைசீனை விட்டுவிட்டு ட்ரைசீன் போடு" என்கிறார். தொட்டி பஃபரில் (பிஎச்சை நிலையாக வைக்கும் தாங்கல் கரைசல்) மட்டும் மாற்றினால் போதுமா? விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. அதுவும் கிளைசீனிலிருந்து வந்த அமினோ அமிலம்தானே, அப்படி என்ன பெரிய வித்தியாசம்? தெரிந்த அக்கா, அண்ணன்மார் சொல்லுங்கள்.

ஜூன் 4, காலை

தொட்டியில் மட்டும் மாற்றினால் போதாது, ஜெல்லுக்குள் இருக்கும் பஃபரும் மாற வேண்டும். செய்முறையை மாலையில் எழுதுகிறேன். முதலில் அந்த "என்ன பெரிய வித்தியாசம்". கேட்க வேண்டிய கேள்வியே அதுதான்.

கிளைசீனின் நைட்ரஜனில் உள்ள ஒரு ஹைட்ரஜனை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ட்ரிஸ்ஸின் (பஃபர்களில் வழக்கமாகப் போடும் காரம்) உடம்பை மாட்டுங்கள். அதாவது மூன்று ஹைட்ராக்சிமெத்தில் கைகள் உள்ள கார்பன். அதுதான் ட்ரைசீன். ட்ரிஸ், கிளைசீன் இரண்டையும் சேர்த்துத்தான் பெயரும் வைத்தார்கள். மூலக்கூறு எடை 179.2. கிளைசீனின் அமினோ முனைக்குப் பிகேஏ (பாதி மூலக்கூறுகள் புரோட்டானை விட்டுவிடும் பிஎச்) 9.6, ட்ரைசீனுக்கு 8.1 அளவில். ஹைட்ராக்சில்கள் எலக்ட்ரானைத் தம் பக்கம் இழுப்பதால் நைட்ரஜனுக்குப் புரோட்டான் மேல் உள்ள பிடி தளர்கிறது. இந்த ஒன்றரை அலகு இறக்கத்தில்தான் உங்கள் ஜெல்லின் பிழைப்பு இருக்கிறது.

ஏன் என்றால், நாம் எல்லோரும் ஓட்டும் லேம்லி முறையில் (1970) நடப்பது ஓர் ஓட்டப்பந்தயம். குளோரைடு முன்னால் ஓடுகிறது. கிளைசீன் பின்னால் வருகிறது. அடுக்கு ஜெல்லின் பிஎச் 6.8-ல் கிளைசீன் கிட்டத்தட்ட முழுக்க இருமுனை அயனி (நேர், எதிர் மின்சுமை இரண்டும் சேர்ந்தது), ஆயிரத்தில் ஒன்றிரண்டு மூலக்கூறுக்குத்தான் நிகர எதிர்மின்சுமை. அதனால் நொண்டுகிறது. நடுவில் மாட்டிக்கொண்ட புரதங்கள் நெருக்கப்பட்டு மெல்லிய கோடாகச் சேர்கின்றன. பிரிக்கும் ஜெல்லுக்குள் நுழைந்ததும் பிஎச் கூடுகிறது, கிளைசீன் வேகம் பிடிக்கிறது, பெரிய புரதங்களை முந்துகிறது. முந்தப்பட்ட புரதம்தான் அளவுப்படி பிரியும். ஆனால் 10 கிலோடால்டனுக்குக் கீழே இருப்பவற்றை அதனால் முந்த முடிவதில்லை. அவை எஸ்டிஎஸ் (புரதத்தை விரித்து எதிர்மின்சுமை போர்த்தும் சோப்பு) கும்பலோடு கலந்து கடைசிவரை ஒரே கூட்டமாகப் போய்விடுகின்றன. நீங்கள் பார்த்த அப்பல் அதுதான்.

ட்ரைசீனுக்கு ஜெல்லின் பிஎச் 8.45-லேயே பாதிக்கு மேல் மின்சுமை ஏறிவிடும். வேகமாக ஓடும். சின்னப் புரதங்களையும் முந்திவிடும்.

ஜூன் 4, மாலை

செய்முறை. இது ஷேகர், ஃபான் யாகோ இருவரும் 1987-ல் வெளியிட்டது. 1 முதல் 100 கிலோடால்டன் வரை பிரிக்க என்றே எழுதினார்கள்.

மேல் தொட்டி (மினி ஜெல் என்றால் உள்தொட்டி, எதிர்முனைப் பக்கம்): ஒரு லிட்டருக்கு ட்ரிஸ் 12.1 கிராம், ட்ரைசீன் 17.9 கிராம், எஸ்டிஎஸ் 1 கிராம். பிஎச் 8.25-க்கு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் சரிசெய்யுங்கள்.

வெளித்தொட்டி: ட்ரிஸ் 24.2 கிராம், ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் பிஎச் 8.9. இதில் ட்ரைசீன் கிடையாது. விலைக்குப் பயந்தீர்களே, செலவு உள்தொட்டிக்கு மட்டும்தான். மினி தொட்டியில் அது இருநூறு மில்லியைத் தாண்டாது.

ஜெல் பஃபர்: 3 மோலார் ட்ரிஸ், 0.3 சதவீத எஸ்டிஎஸ், பிஎச் 8.45. அக்ரிலமைடு: நூறு மில்லியில் 48 கிராம், அதன் இழைகளைக் குறுக்கே இணைக்கும் பிஸ் 1.5 கிராம். 15 மில்லி பிரிக்கும் ஜெல்லுக்கு அக்ரிலமைடு 5 மில்லி, ஜெல் பஃபர் 5 மில்லி, கிளிசரால் 2 கிராம், மீதிக்குத் தண்ணீர். 16.5 சதவீதம் வரும். மேலே 4 சதவீத அடுக்கு ஜெல். நடுவில் 10 சதவீதத்தில் ஒரு சென்டிமீட்டர் இடை ஜெல் ஊற்றினால் சின்னக் கோடுகள் இன்னும் கூர்மையாக வரும். அதைச் சோம்பேறித்தனத்தில் விட்டுவிடாதீர்கள்.

முதலில் 30 வோல்ட்டில் விடுங்கள், சாம்பிள் அடுக்கு ஜெல்லுக்குள் முழுக்க இறங்கட்டும், அப்புறம் ஏற்றலாம். லேம்லி போல ஒரு மணி நேரத்தில் முடியாது. ஜெல்லில் 1 மோலார் ட்ரிஸ் இருக்கிறது, மின்னோட்டம் அதிகம், அவசரப்பட்டால் சூடேறிக் கோடுகள் வளையும்.

ஜூன் 6

ஜூன் 4 மாலைக் குறிப்பில் ஒரு தவறு. பெரிய தவறுதான். தயவுசெய்து அதைப் பார்த்துக் கரைசல் செய்திருந்தால் கொட்டிவிடுங்கள்.

உள்தொட்டி பஃபருக்கு அமிலம் சேர்க்கவே கூடாது. ட்ரிஸ் 100 மில்லிமோலார், ட்ரைசீன் 100 மில்லிமோலார் கலந்தாலே பிஎச் தானாக 8.25 பக்கம் வந்து நிற்கும். ட்ரைசீன் அமிலப் பக்கம் (வெறும் தண்ணீரில் கரைத்தால் பிஎச் ஐந்தைச் சுற்றி இருக்கும்), ட்ரிஸ் காரப் பக்கம். இரண்டும் ஒன்றையொன்று சமன்செய்கின்றன. மீட்டர் 8.2 காட்டினாலும் 8.3 காட்டினாலும் அப்படியே விடுங்கள்.

அமிலம் ஊற்றினால் என்ன கெடுதல்? முன்னால் ஓட வேண்டிய குளோரைடைப் பின்னாலும் கொண்டுவந்து வைக்கிறோம். பந்தயமே குலைகிறது. பின்னால் வரும் அயனி ட்ரைசீன் மட்டுமாக இருந்தால்தான் எல்லைக்கோடு கூர்மையாக இருக்கும். வெளித்தொட்டிக்கும் ஜெல் பஃபருக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சரி, உள்தொட்டிக்கு இல்லை. நான் மூன்று கரைசலையும் ஒரே மூச்சில் எழுதும்போது கை தானாக அதையும் எழுதிவிட்டது. இருபது வருடமாகச் செய்கிற வேலையில் இப்படி எழுதியது மனசை உறுத்துகிறது.

ஜூன் 6, சற்று நேரம் கழித்து

பிஎச்சை உயர்த்தப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் வேண்டாம். பொட்டாசியமும் எஸ்டிஎஸ்ஸும் சேர்ந்தால் வெள்ளையாகத் திரிந்து அடியில் படியும். வேறு வேலைக்கு ட்ரைசீன் ஸ்டாக் செய்யும்போது சோடியம் ஹைட்ராக்சைடே கைக்கு வரட்டும்.

ஜூன் 9

"ட்ரைசீனை முதலில் யார் செய்தது, ஜெல்லுக்காகவா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. பசுங்கணிகத்துக்காக. எனக்கு ரொம்பப் பிடித்த கதை, கொஞ்சம் நீளும்.

அமெரிக்காவில் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நார்மன் குட் ஒளிச்சேர்க்கை ஆய்வில் இருந்தார். இலையிலிருந்து பசுங்கணிகத்தைப் பிரித்து, வெளிச்சம் காட்டி, அது ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) செய்வதை அளக்க வேண்டும். பிஎச் 8 அளவில் நிற்க வேண்டும். பாஸ்பேட் போடலாமென்றால், ஏடிபி செய்யும் வினைக்கே பாஸ்பேட் ஒரு மூலப்பொருள். போதாததற்குக் கால்சியத்தோடு சேர்ந்து படிந்துவிடும். ட்ரிஸ் போடலாமென்றால், மின்சுமை இல்லாத நிலையில் அது சவ்வுக்குள் புகுந்து, உள்ளே புரோட்டானைப் பிடித்துக்கொண்டு, ஏடிபி ஆக வேண்டிய ஆற்றலை வீணடிக்கிறது. பஃபர் சும்மா இருக்க வேண்டிய ஆள். இங்கே இரண்டுமே சோதனைக்குள் கை வைக்கின்றன.

அதனால்தான் ட்ரைசீன். கார்பாக்சில் முனையில் எப்போதும் ஒரு எதிர்மின்சுமை இருப்பதால் மின்சுமை இல்லாத வடிவம் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. சவ்வைத் தாண்டாது. தண்ணீரில் நன்றாகக் கரையும்.

பிறகு 1966-ல் குட்டும் கூட உழைத்தவர்களும் பயோகெமிஸ்ட்ரி இதழில் பன்னிரண்டு பஃபர்களை ஒன்றாக வெளியிட்டார்கள். இன்று எந்த செல் கல்ச்சர் லேபிலும் இருக்கும் ஹெப்பிஸ் அந்தப் பட்டியலில் ஒன்று. மெஸ், பைப்ஸ், பைசீன், நம் ட்ரைசீன் எல்லாம் அதே குடும்பம். பிகேஏ 6-க்கும் 8-க்கும் நடுவில் இருக்க வேண்டும், சவ்வைத் தாண்டக்கூடாது, உலோகத்தோடு அதிகம் ஒட்டக்கூடாது, புற ஊதாவை உறிஞ்சக்கூடாது, செய்வதற்கு எளிதாக இருக்க வேண்டும் என்று வரிசையாகத் தேவைகளை எழுதிவைத்து, அதற்குப் பொருந்தும் மூலக்கூறுகளைத் தேடிச் செய்தார்கள். பிளஸ் டூ புத்தகத்தில் தாங்கல் கரைசல் என்றால் அசிட்டிக் அமிலம், சோடியம் அசிட்டேட் என்று முடித்துவிட்டோம். இப்படி ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார் என்று அந்த வயதில் யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

ஜூன் 12

சின்ன அளவுக்கு மார்க்கர் (எடை தெரிந்த ஒப்பீட்டுப் புரதம்) வாங்கக் காசில்லை என்றீர்கள். நான் செய்வது: இன்சுலின்.

எங்கள் அப்பா போட்டுக்கொள்ளும், மில்லிக்கு 40 யூனிட் உள்ள வயல், காலாவதியானதைத் தூக்கி எறியாமல் லேபுக்குக் கொண்டுபோவேன். ஒரு மில்லிகிராமுக்கு ஏறத்தாழ 28.8 யூனிட் என்பதால் ஒரு மில்லியில் 1.4 மில்லிகிராம் அளவு இருக்கும். மூன்றரை மைக்ரோலிட்டர் எடுத்தால் 5 மைக்ரோகிராம். கோடு தெளிவாகத் தெரிய அது போதும்.

டிடிடி (டைசல்பைடு பாலங்களை உடைக்கும் பொருள்) சேர்க்காமல் ஓட்டினால் 5.8 கிலோடால்டனில் ஒரு கோடு. சேர்த்தால் ஏ சங்கிலி 2.4, பி சங்கிலி 3.4 என்று இரண்டாகப் பிரியும். அந்த இரண்டும் தனித்தனியாகத் தெரிந்தால் உங்கள் ஜெல் சரி என்று நம்பிக்கையோடு நஞ்சை ஏற்றலாம். ஒரே கல்லில் மார்க்கரும் ஆச்சு, சோதனையும் ஆச்சு.

ஜூன் 15

இன்சுலின் பற்றி எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். ஒருவர் செய்து பார்த்து, வேண்டாத இடத்தில் கறை என்று படம் போட்டிருக்கிறார். நீங்கள் எடுத்தது கலங்கலான வயலா? அதில் மருந்து மெல்ல இறங்குவதற்காகப் புரோட்டமீன் சேர்த்திருப்பார்கள். அதுவும் சின்னப் புரதம், ஆர்ஜினின் நிறைந்தது, ஜெல்லில் புரதத்தைக் காட்டும் கூமாசி நீலச் சாயம் அதில் நன்றாகப் பிடிக்கும். தண்ணீர் போலத் தெளிந்திருக்கும் ரெகுலர் வகையை மட்டும் எடுங்கள். 30/70 கலவையும் கலங்கல்தான், அதுவும் ஆகாது.

வீட்டில் யாருடைய நடப்பு வயலையும் தொடாதீர்கள். காலாவதியானது மட்டும்.

ஜூன் 18

இன்று வேறொரு எச்சரிக்கை. நஞ்சை ட்ரைசீன் பஃபரில் கரைத்துவிட்டு லௌரி முறையில் புரத அளவு பார்க்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நிறுத்துங்கள்.

லௌரி, பையூரெட், பிசிஏ எல்லாமே தாமிரத்தை நம்பியவை. ட்ரைசீன் தாமிரத்தை விடாமல் பிடிக்கும், அதன் பிணைப்பு மாறிலியின் மடக்கை 7.3. மக்னீசியத்துக்கு அது 1.2 தான். இந்த ஏற்றத்தாழ்வைத் தெரியாமல் நான் ஒருமுறை இரண்டு நாள் வீணடித்திருக்கிறேன். புரதமே சேர்க்காத வெற்றுக் குழாயே நிறம் காட்டியது. புரதம் கெட்டுவிட்டது, தராசு தப்பு, தண்ணீர் சரியில்லை என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன், பஃபரைத் தவிர. தாமிரம் இல்லாமல் சாயத்தால் அளக்கும் பிராட்ஃபோர்டு முறைக்கு மாறுங்கள். அளவு தெரிந்த நியமக் கரைசலையும் அதே பஃபரில் கரைத்தே ஒப்பீட்டுக் கோடு வரையுங்கள்.

ஜூன் 19

"தண்ணீரிலேயே கரைத்தால் என்ன?" தாராளமாக. ஜெல்லுக்கு மட்டும் என்றால் அதுவே நல்லது.

ஜூன் 23

நஞ்சில் உள்ள பாஸ்போலிபேஸ் ஏ2 (கொழுப்பைச் சிதைக்கும் நொதி) செயல்பாடும் ட்ரைசீனிலேயே பார்க்கலாமா என்பதற்கு. ஜூன் 9-ல் "உலோகத்தோடு அதிகம் ஒட்டாது" என்ற தொனியில் எழுதினேன், 18-ல் தாமிரத்தைப் பற்றி எழுதினேன். இரண்டையும் சேர்த்து வாசித்தால் கால்சியம் எங்கே நிற்கிறது என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்லாமல் விட்டது என் குறை.

அந்த நொதிக்குக் கால்சியம் இல்லாமல் வேலை ஓடாது. ட்ரைசீனுக்குக் கால்சியத்தோடு பிணைப்பு மாறிலியின் மடக்கை 2.4. சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் நொதி மைக்ரோகிராமில் இருக்க, பஃபர் 50 மில்லிமோலாரில் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், பிஎச் 8-ல் நீங்கள் சேர்க்கும் 10 மில்லிமோலார் கால்சியத்தில் பெரும்பங்கு பஃபர் கையில்தான் இருக்கும். எனக்கும் செயல்பாடு குறைவாக வந்தது, ட்ரிஸ்ஸுக்கு மாற்றியதும் ஏறியது. பசுங்கணிகத்துக்கு ஆகாத ட்ரிஸ் இங்கே ஆகிறது. இந்தச் சோதனையில் தாண்டுவதற்குச் சவ்வு இல்லை, ஆனால் கால்சியம் வேண்டும்.

குட் தந்த பட்டியலில் இருப்பதாலேயே ஒரு பஃபர் எல்லா இடத்துக்கும் நல்லது என்று ஆகிவிடாது என்பதை நான் அன்றே அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

ஜூன் 24

குளிர் அறையில் ஓட்டுபவருக்கு: வெப்பநிலை ஒரு டிகிரி குறைந்தால் ட்ரைசீனின் பிகேஏ 0.021 ஏறும். 25 டிகிரியில் பிஎச் 8.1 வைத்தது 4 டிகிரியில் 8.5-ஐத் தாண்டும். ட்ரிஸ் இன்னும் மோசம், டிகிரிக்கு 0.028. எந்த வெப்பநிலையில் பயன்படுத்துகிறீர்களோ அங்கே அளந்து சரிசெய்யுங்கள். உள்தொட்டி பஃபருக்கு இது பொருந்தாது, அதைத் தொடவே வேண்டாம் என்று ஏற்கெனவே சொல்லியாயிற்று.

ஜூன் 28

ஜெல் தவிர வேறு எதற்கு என்று கேட்டவருக்கு, எனக்கு நேரில் தெரிந்தவை.

மின்மினிப் பூச்சியின் லூசிஃபரேஸ் கொண்டு ஏடிபி அளக்கும்போது 25 மில்லிமோலார் ட்ரைசீன், பிஎச் 7.8. வெளிச்சம் நன்றாக வரும். பால் பண்ணையிலும் சமையற்கூடத்திலும் துடைத்துப் பார்த்துச் சுத்தம் சோதிப்பதற்கும் இதே மின்மினி வினைதான் அடிப்படை.

மைட்டோகாண்ட்ரியா கூட்டுப்புரதங்களைப் குலைக்காமல் பிரிக்கும் நீல நேட்டிவ் ஜெல்லிலும் பின்னால் ஓடும் அயனி ட்ரைசீனே. அதைக் கொண்டுவந்தவரும் அதே ஷேகர், 1991-ல்.

இன்னொன்று ஆஸ்பத்திரியில். கதிர்வீச்சுள்ள டெக்னீசியம் 99எம்-ஐ ஹைனிக் என்ற இணைப்பால் ஏற்றிய பெப்டைடு ஊசி போட்டு நியூரோஎண்டோக்ரைன் (ஹார்மோன் சுரக்கும் செல்களில் வரும்) கட்டிகளை ஸ்கேன் செய்கிறார்கள். அந்த கிட்டில் ட்ரைசீன் இருக்கிறது, பஃபராக மட்டும் இல்லை. டெக்னீசியத்தைச் சுற்றிப் பிடிக்கும் துணைக் கையாக. குறியேற்றும்போது ட்ரைசீன் முதலில் பிடிக்கும், அப்புறம் இடிடிஏ (EDDA, அதாவது எத்திலீன்டைஅமீன் டைஅசிட்டிக் அமிலம்; EDTA அல்ல) வந்து அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். 18-ம் தேதி லௌரியைக் கெடுத்த அதே உலோகப் பிடிப்பு இங்கே நோயாளிக்கு உதவுகிறது. என் சித்திக்கு இந்த ஸ்கேன் எடுத்தபோது வெளியே நாற்காலியில் உட்கார்ந்து இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நாள்தோறும் தராசில் அள்ளிப் போடும் வெள்ளைப் பொடி.

ஜூன் 29

வெளிச்சம்: ஃபிளேவின் (மஞ்சள் நிறத் துணைப்பொருள்) இருக்கும் கரைசலில் ட்ரைசீன் ஒளிபட்டு ஆக்சிஜனேற்றம் அடையும். நல்லபாம்பு, கண்ணாடிவிரியன் நஞ்சு மஞ்சளாக இருப்பதற்கே எல்-அமினோ அமில ஆக்சிடேஸ் என்ற நொதியில் உள்ள ஃபிளேவின்தான் காரணம். எனவே ட்ரைசீனில் கரைத்த நஞ்சை மேசை மேல் வெயிலில் வைக்காதீர்கள். தகடு சுற்றிப் பனியில் வையுங்கள்.

ஜூலை 2

படம் பார்த்தேன். எவ்வளவு அழகாக வந்திருக்கிறது!

13, 14 கிலோடால்டனில் இருப்பது பாஸ்போலிபேஸ். 6-க்கும் 8-க்கும் நடுவில் இரண்டு கோடுகள், இவைதான் முவ்விரல் நச்சுகளாக (மூன்று விரல் போல மடிந்த புரதங்கள்) இருக்க வேண்டும். அறுபதிலிருந்து எழுபத்துச் சொச்சம் அமினோ அமிலங்கள், நான்கைந்து டைசல்பைடு பாலங்கள். நரம்பைக் கட்டுவதும் செல்லைச் சிதைப்பதும் இந்தச் சின்ன ஆட்கள்தான். கடி பட்டவருக்கு மூச்சு நிற்பதற்குக் காரணமான புரதத்தை நாம் இத்தனை நாள் சாயக்கோட்டில் அப்பலாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தில் நஞ்சு எடுப்பதை ஒருமுறை நேரில் பார்த்திருக்கிறேன். 1978-லிருந்து நடக்கிறது. ஒருவர் கையில் பாம்பு, ஜாடி வாயில் இழுத்துக் கட்டிய தோலில் ஒரு கடி, சில சொட்டுகள். அதற்குப் பிறகு ஒரு மில்லிகிராமைக்கூட வீணடிக்க மனம் வந்ததில்லை. அதனால் சொல்கிறேன், அடுத்த ஜெல்லில் கிணற்றுக்கு 5 மைக்ரோகிராம் போதும். 20 ஏற்றியிருக்கிறீர்கள், பெரிய கோடுகள் வீங்கியிருக்கின்றன.

ஜூலை 3

நீங்கள் கேட்ட கடைசி விஷயம். சாயமிட்ட அன்று 7-க்குக் கீழே மங்கலாக ஒரு கோடு தெரிந்தது, இரவெல்லாம் சாயம் கழுவியபின் காலையில் காணவில்லை.

அது உங்கள் கண் கோளாறு இல்லை. அந்த அளவுப் புரதம் ஜெல்லிலிருந்து கரைந்து வெளியே போய்விடும். முதலில் 50 சதவீத மெத்தனால், 10 சதவீத அசிட்டிக் அமிலத்தில் அரை மணி நேரம் நிலைநிறுத்துங்கள். அப்படியும் போனால் 5 சதவீத குளூட்டரால்டிஹைடு. இந்த நச்சுகளில் லைசின் இருக்கிறது, அதைப் பிடித்து வலை போட்டுவிடும். கழுவுவது இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், பின்னணி நீலமாக இருந்தாலும் பரவாயில்லை. சாம்பிள் பஃபரில் புரோமோபீனால் நீலத்துக்குப் பதில் கூமாசி ஜி போடுங்கள், மிகச் சின்ன பெப்டைடுகள் புரோமோபீனாலை முந்திக்கொண்டு கீழே இறங்கிவிடக்கூடும்.

கழுவ ஆரம்பிக்கும் முன்பே ஒரு படம் எடுத்துவிடுங்கள். எடுத்ததும் இங்கேயே போடுங்கள், அந்தக் கோட்டை நானும் பார்க்க வேண்டும்.